சும்சும்

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நிற்கிறேன். பழனிக்கு மாலை போட்டிருப்பதால் வெளிச்சாப்பாடு என்றாலே கொஞ்சம் பயம். நிறுத்தத்தை ஒட்டிய கடையில் ஒரு அம்மா, வெள்ளை வெளேரென்ற கஞ்சியின் மேல் கருப்பட்டிப் பாகு ஊற்றித் தருகிறார். பலகையில் ‘சும்சும்’ என்று எழுதியிருக்கிறது.

இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் கேட்கிறேன்.

“சும்சும்னா என்னங்க?”

“என்ற ஊட்டுக்காரரு இந்தோனேசியாவுல சமையல் வேலை பார்த்தாருங்க. அங்கத்த பேரு. எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜைன்னு அர்த்தமாமுங்க.”

கரண்டி பாதியில் நின்றுவிடுகிறது.

“அரிசிமாவும் தேங்காப்பாலுந்தானுங்க. வெள்ளையா கொழகொழன்னு இருக்கறதால அந்தப் பேரு.”

எந்தக் கடைக்காரர்தான் வேறு மாதிரி சொல்வார்? கிண்ணத்தின் அடிவரை கிளறுகிறேன். முகர்ந்தும் பார்க்கிறேன். பாகு வாசனையைத் தவிர எதுவும் வரவில்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது.

அந்த அம்மா என் மாலையைப் பார்க்கிறார்.

“ஏனுங்க சாமி, எந்த ஊரு?”

“கோயமுத்தூருங்க.”

“அங்க தள்ளுவண்டியில காளான் திங்கறீங்களே, அதுல காளானா இருக்குது?”

முட்டைக்கோசுதான். ஊருக்கே தெரியும். கஞ்சியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். பொள்ளாச்சி வரை ஒரே யோசனை: அந்த முட்டைக்கோசாவது முட்டைக்கோசுதானா?