பிரகதீஸ்வரியின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என் தங்கை பிரகதீஸ்வரி. நான் எட்டாவதோடு நின்றவள். அம்மா போன பிறகு நானும் என் வீட்டுக்காரரும்தான் அவளை எங்களோடு வைத்துப் படிக்க வைத்தோம்.

பி.காம். முடித்துவிட்டுத் திருவையாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மாதம் ஒன்பதாயிரம். ஒருநாள் கடையிலிருந்து வந்ததும், தஞ்சாவூரில் வக்கீல் ஆபீஸ் வேலைக்கென்றே ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு இருப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. மனு எழுதுவது, நோட்டீஸ் தயாரிப்பது எல்லாம் சொல்லித் தருவார்களாம்.

கணக்குப் போடாமல் நான் எதிலும் இறங்குகிறவள் இல்லை. இரண்டு பேரும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். கட்டணம் பதினெட்டாயிரம். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆறாயிரம். ஞாயிறு லீவுக்குக் கடையில் பிடிக்கும் சம்பளம் பதினைந்தாயிரம்.

"வரவு?" என்றேன்.

"எடுத்ததும் பன்னிரண்டாயிரம் தருவாங்கக்கா. போகப் போகக் கூடும்."

"படிக்காமலே குமாஸ்தாவா இருக்காங்களே?"

"அவங்கல்லாம் பத்து வருஷம் கேஸ் கட்டு தூக்கினவங்க. என்னால முடியாது."

மாதம் மூவாயிரம் கூடுதல். பதின்மூன்று மாதத்தில் போட்டது திரும்பிவிடும். எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "இனிமே இந்த வீட்ல வாயத் திறந்தாலே ஃபீஸா, வக்கீலம்மா?" என்றார்.

"மாமாவுக்குப் பாதி விலை" என்றாள்.

அந்த வருடத்து உளுந்து விற்ற பணம் அப்படியே கட்டணத்துக்குப் போனது. குடமுருட்டி ஆற்றுக்கு வடக்கே ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்கிறோம். நிலத்துக்காரர் பெரியவரிடம் இருபத்திரண்டு வருடம் முன்பு வாய்ப்பேச்சில் வாங்கியது. ஒவ்வொரு அறுப்புக்கும் குத்தகை நெல்லை அவர் வீட்டில் கொண்டுபோய் இறக்குவோம். ரசீது கேட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று கேட்டதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே பிரகதிதான் தராசுப் பக்கத்தில் நின்று மூட்டையை எண்ணிச் சொல்வாள். அவள் சொன்ன எண்ணைப் பெரியவர் மறுபடி எண்ணியதில்லை.

படிப்பில் அவளுக்கு முதல் இடம். தஞ்சாவூரில் ஒரு வக்கீலய்யா ஆபீஸில் உடனே வேலை கிடைத்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஆறு மாதம் போனது. இதற்கிடையில் பெரியவர் இறந்துவிட்டார். அவர் மகன் தமிழரசன் சென்னையில் இருக்கிறார். நிலத்தை விற்கப் போவதாகக் காதில் விழுந்தது. பிறகு பதிவுத் தபாலில் எங்களுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாங்கள் குத்தகைதாரரே இல்லை, கூலிக்கு வைத்திருந்த ஆட்கள், பதினைந்து நாளில் நிலத்தை விட வேண்டும் என்று இருந்தது. தாளின் தலைப்பில் இருந்த ஆபீஸ் பெயரைப் பார்த்தேன். பிரகதியின் ஆபீஸ். இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழை இல்லை.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே நீட்டினேன்.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தாங்க்கா."

"எப்ப?"

"போன செவ்வாய்க்கிழமை."

"அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்துதானே தோசை தின்ன? கூலி ஆளுன்னு அடிச்ச கையாலதானே தின்ன?"

"கட்சிக்காரர் விஷயத்தை வெளியில சொல்லக்கூடாதுக்கா. முதல் வகுப்புலயே அதான் சொல்லிக் கொடுத்தாங்க."

"நான் வெளியிலயாடி?"

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "பதில் நோட்டீஸ் அனுப்பிடுங்கக்கா. நாளைத் தள்ளாதீங்க" என்றாள்.

மறுநாள் வேறொரு வக்கீலிடம் போனோம். ரசீது உண்டா என்று கேட்டார். இல்லை. பெரியவர் வீட்டில் மூட்டை இறக்கிய ஆளும் காலமாகிவிட்டார். "நெல்லு அளந்தப்ப வேற யாரும்மா கூட இருந்தது?"

"என் தங்கச்சி. வருஷா வருஷம் எண்ணினது அவதான்."

"நல்ல சாட்சியாச்சே. எங்க இருக்கு?"

சொன்னேன். நோட்டீஸை மேசையில் வைத்தார். "அந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்கிக்கிட்டே அவங்க கட்சிக்காரருக்கு எதிரா எப்படிம்மா சாட்சி சொல்லும்? வேலைய விட்டுட்டு வரச் சொல்லுங்க."

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிரகதியிடம் சொன்னேன். எதுவும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் சொன்னபடியே சொன்னேன். அவள் காலித் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்ட பணம் திரும்ப இன்னும் ஏழு மாசம் இருக்கேக்கா" என்றாள்.

"அது எந்த நிலத்து உளுந்து, பிரகதி?"

"தெரியும்க்கா. யோசிச்சுச் சொல்றேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவளுக்குக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கூட்டல் கழித்தலில் அவள் என்றைக்கும் தப்பு விட்டதில்லை.

காலையில் வழக்கம்போல அவளுக்கும் சேர்த்து உலை வைத்தேன். எலுமிச்சைச் சோறு கட்டிச் சாப்பாட்டு டப்பாவை மேடையில் வைத்தேன். அவள் தலைவாரிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எட்டே கால் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.