கொட்டாய்க் கம்பத்தில் ஒரு பெஞ்சு

அக்காவைப் பெண் பார்க்க முதல் தடவை வந்தவர்களை இரவல் பெஞ்சில் உட்கார வைத்தோம். அதைக் கொடுத்த எதிர்வீட்டுக்காரர் பெஞ்சோடு கூடவே வந்து அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளைக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. அக்கா வயதில் நாங்கள் குறைத்துச் சொன்னதையும் அவரே கூட்டிச் சொன்னார். காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்து திருத்தணியிலிருந்து வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. பேண்ட் போடுகிறவர், பாயில் உட்காரமாட்டார் என்றார் தரகர். இன்னொரு தடவை இரவல் கேட்க நைனாவுக்கு மனசில்லை. நாமே செய்வோம் என்றார். அவர் ஏர் ஓட்டுகிறவர். அதுவரை அவர் செய்த மரவேலை கன்றுக்குட்டிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் தண்ணீர் நிற்காது.

எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கம். மாட்டுக்கொட்டாய் சரிந்து கிடந்தது. அதன் நடுக்கம்பத்தைப் பிடுங்கினோம். செத்துப்போன தாத்தா நட்டது. சாணியும் புகையும் ஏறிக் கறுத்திருந்தது. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. நல்ல கட்டை என்று நைனா சந்தோஷப்பட்டார்.

ரம்பத்தின் ஒரு முனை நைனா, மறுமுனை அம்மாவும் நானும். மேல்தோல் போனதும் தூள் சிவப்பாகக் கொட்டியது. நைனா கை நின்றுவிட்டது. செம்மரம். மலையில் அதை வெட்டினவர்களைக் கயிறு கட்டி இழுத்துப் போனதை ஊரே பார்த்திருக்கிறது.

"எங்கப்பன் நட்ட கம்பம் இது," என்றார் நைனா.

"அத யாரு சொல்றது? மாமா எழுந்து வந்து சாட்சி சொல்வாரா?" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை அவர்கள் வருகிறார்கள். வேறு கட்டையும் இல்லை. மறுபடி அறுத்தோம். இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து, வேப்பங்கால் நாலு மாட்டினார். ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது. துளை போட்டு மர முளை இறக்கினார். ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதற்கு ஓட்டுச்சில்லு முட்டுக் கொடுத்தோம். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மேலே பூசினோம். பெஞ்சு எருமை நிறத்துக்கு வந்தது. தூளை அம்மா கூட்டி அள்ளி, உடைந்த பானையில் போட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கோலம் போடச் சொன்னார்கள். ஓரத்துக்குச் செம்மண் இல்லை. பானை ஞாபகம் வந்தது. சுற்றிலும் இரண்டு வரிசை இழுத்தேன். அந்தச் சிவப்பு எந்தச் செம்மண்ணிலும் வராது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன். வண்டியை விட்டு இறங்கும்போதுதான் தரகர் சொன்னார், மாமன் பாரஸ்ட் கார்டு என்று. கும்பிட்ட கையை நைனா கீழே இறக்கவில்லை.

மற்றவர்கள் கோலத்தைச் சுற்றி வந்தார்கள். கார்டு குனிந்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"யாரும்மா போட்டது?"

"நான்தான்."

"நல்லாக்கீது," என்றார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

பெஞ்சு வேப்பமரத்தடியில் கிடந்தது. கார்டு உட்கார்ந்தார். அடியில் கைவிட்டு விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். "மஞ்சி கர்ர," என்றார். நல்ல கட்டையாம், தெலுங்கில். நைனாவுக்கு முகம் வேர்த்தது.

அக்கா காப்பி கொண்டுவந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார். கார்டு நைனாவைப் பார்த்தார்.

அப்போது எங்கள் பக்கம் ஆந்திராவா, மெட்ராஸா என்று இழுத்துக்கொண்டிருந்த நேரம். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விடும், நாங்கள் ஆந்திராவில் நின்றுவிடுவோம் என்றார்கள். பெண்ணை வேறு ராஜ்யத்துக்குக் கொடுப்பதா என்று அம்மாவுக்கு ஒரு கவலை இருந்தது. தரகர் அந்தப் பேச்சை எடுத்தார்.

கார்டு சிரித்தார். "கோடு எங்க போடறாங்கோ, யாருக்குத் தெரியும்? மல எந்தப் பக்கம், நான் எந்தப் பக்கம், எனக்கே தெரில. எவனுக்கு சல்யூட் அடிக்கிறதுன்னு பார்த்துக்கினு கீறேன்."

பிறகு பெஞ்சைத் தடவினார். "கொட்டாய்ல நின்ன கம்பமா?"

"எங்கப்பன் நட்டது," என்றார் நைனா.

"தெரிது. மாடு ஒரசுன தேய்மானம் அடில அப்டியே கீது."

அக்காவிடம் காப்பி இன்னொரு டம்ளர் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டாள். புறப்படும்போது கார்டு வண்டிப் பக்கத்தில் நின்றார்.

"பெஞ்ச வெளிய போட்டு வெக்காதீங்க, சம்பந்தி. மழ வந்தா வீணா பூடும். உள்ளயே இருக்கட்டும்."

சம்பந்தி என்ற வார்த்தை கேட்டதும் அம்மா கதவுக்குப் பின்னால் அழுதாள். வண்டி தெரு தாண்டவில்லை, நைனா பெஞ்சைத் தனியாளாக உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு அதன்மேல் மல்லாந்து படுத்தார். அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

கோலத்தை உடனே கூட்டு என்று அம்மா துடைப்பத்தைக் கையில் கொடுத்தாள். எனக்குக் கோபம். அண்ணாந்து பார்த்தேன். சித்திரை மாசம். ஒரு துண்டு மேகம் இல்லை. காட்டிலேயே வேலை, மழை எப்போது வரும் என்றுகூட இந்த ஆளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே கூட்டினேன்.