கொடுக்க வந்த ஏழுமலை

வேங்கிக்காலில் ஒரு வயிற்று நோய் கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். ஒரு நாள் காலை, பத்தொன்பது வயது அமுதாவை அவளுடைய அப்பா ஏழுமலை கூட்டிவந்தார். அவளுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. மலச்சிக்கல் தீராமல், வலி வந்தால் தன் வயிற்றிலேயே குத்திக்கொள்வாள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல நுண்ணுயிர்களை எடுத்து நோயாளியின் குடலில் செலுத்தும் சிகிச்சையைப் பற்றி ஏழுமலை போனில் பார்த்திருந்தார். அதனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பேச்சும் வரும் என்று அதில் சொல்லியிருந்தார்களாம்.

"என்னுதையே எடுத்துக்கங்க டாக்டர். கேவுரு கூழ் குடிச்சு வளர்ந்த ஒடம்பு. ஒரு நாளும் ஆஸ்பத்திரியில படுத்ததில்ல. அவ அப்பான்னு ஒரு தடவ கூப்ட்டா போதும்."

"இது இன்னும் ஆராய்ச்சியிலதாங்க இருக்குது. பேச்சு வரும்னு யாரும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "சென்னையில ஆராய்ச்சி பண்றவங்கள கேட்டுப் பாக்கறேன். குடுக்கறவருக்கு மொதல்ல டெஸ்ட் எடுக்கணும்."

நான்தான் ரத்தம் எடுத்தேன். "ஜாஸ்தியாவே எடுத்துக்கம்மா" என்று சிரித்தார்.

ரிப்போர்ட்டில் மஞ்சள்காமாலை பி வைரஸ் இருந்தது. ஸ்கேனில் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போய், ஒரு கட்டியும் தெரிந்தது. டாக்டர் சொல்லி முடித்ததும் ஏழுமலை தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அப்ப எம்பொண்ணுக்கு நான் குடுக்க முடியாதா?" என்றுதான் கேட்டார்.

வீட்டில் மற்றவர்களுக்கும் டெஸ்ட் எடுத்துத் தடுப்பூசி போட்டோம். அந்தச் சிகிச்சையை விட்டுவிட்டு, அமுதாவின் மலச்சிக்கலுக்கு டாக்டர் வழக்கமான மருந்து கொடுத்து, சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார். சில வாரங்களில் அவள் குத்திக்கொள்வது நின்றது. பேச்சு வரவில்லை. அதற்குள் ஏழுமலைக்கு வயிற்றில் நீர் கோத்து வீங்கிவிட்டது. எங்கள் கிளினிக் கட்டிலில் கிடந்தபடி, "வலி இல்லாம தூங்கறா சிஸ்டர். அது போதும்" என்றார். போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கடலை பிடுங்கும் சமயத்தில் இறந்துபோனார். அடுத்த முறை அமுதாவை அவள் அம்மா கூட்டிவந்தார். வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு ஆட்டோவையும் அமுதா எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

"அவங்கப்பா வருவாருன்னு பாக்கறா. நான் எப்பிடி சிஸ்டர் இவளுக்குப் புரியவெப்பேன்?"

நான் வாசலுக்குப் போய் அமுதாவின் பக்கத்தில் நின்றேன்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுகளுக்கு ஒன்று சொல்வேன். தானம் கொடுக்க வருபவருக்கும் டெஸ்ட்டில் ஏதாவது தெரியவரலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். ரிப்போர்ட்டுக்கு வரும்போது கூட ஒருத்தரை அழைத்துவரச் சொல்லுங்கள். ஏழுமலை அன்று தனியாக வந்திருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தனியாகவே பஸ் ஏறி ஊருக்குப் போனார்.