பிரதம விருந்தினரின் காதில் ஒரு ஸ்பீக்கர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் துரத்திப் போகவில்லை. ஆனாலும் என் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு கட்டு அச்சுத்தாள் இருந்தது. திருகோணமலையில் எந்தப் பெரிய விழா நடந்தாலும் நிகழ்ச்சி நிரல் போட்ட நோட்டீஸ் ஒன்றை வாங்கி, அதில் யாரிடமாவது கையெழுத்தும் வாங்கிவிடுவேன். பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு விழா, சண்டையால் பூட்டிக் கிடந்த கோயிலின் கும்பாபிஷேகம் எல்லாம் அந்தக் கட்டில் இருந்தன. பிரதம விருந்தினர்கள் பேசி முடிந்ததும் வாகனத்தில் ஏறிவிடுவார்கள். ஆகவே எனக்கு அகப்பட்டதெல்லாம் பந்தல்காரரும் சமையல்காரரும்தான்.

அந்தக் கும்பாபிஷேகத்துக்கு ஸ்பீக்கர் கட்டியவர் சம்பூர் ஆள். தொலைந்த பிள்ளைக்கும் தொலைந்த செருப்புக்கும் ஒரே குரலில் அறிவித்தல் கொடுத்தவர். நோட்டீஸில் ஸ்பீக்கர் முதலாளியின் பெயர்தான் இருந்தது.

"உங்கட பேரைக் காணேல்லையே. அப்ப உவ்வளவு நேரமும் கத்தினது ஆர், சாமியோ?" என்று சீண்டினேன்.

"இஞ்சை தாங்கோ அக்கா" என்று வாங்கி, அதில் சிரித்துக்கொண்டிருந்த பிரதம விருந்தினரின் படத்துக்குப் பக்கத்தில் பெரிதாகக் கையெழுத்து வைத்தார். பிறகு பேனையால் ஒரு ஸ்பீக்கர் படம் கீறி, அதன் வாயை விருந்தினரின் காதுக்குள் விட்டார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முழுக் கட்டிலும் எனக்குப் பிடித்த தாள் அதுதான்.

பிறகு சம்பூர்ச் சனம் ஊரை விட்டு ஓடிய காலம் வந்தது. ஷெல் விழுந்து ஸ்பீக்கர்காரர் போய்விட்டார். மனைவி பிள்ளையோடு எங்கெங்கோ அலைந்து, உப்புவெளியில் ஒரு தகரக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். ஒருநாள் என் வாசலில் நின்றாள்.

"அக்கா, அவர் போய் ஒரு வருசமாகுது. திவசத்துக்கு விளக்கு முன்னாலை வைக்க ஒரு படமும் இல்லை. எல்லாத்தையும் வீட்டோடை விட்டிட்டு வந்தனாங்கள். அந்த நோட்டீஸ் கிடக்கோ?"

கிடந்தது. நான் சொன்னதோ, "தேடிப் பாக்கிறன் பிள்ளை."

அலுமாரிக்குள் கையை விட்டு, வேண்டுமென்றே வேறொன்றை எடுத்து வந்தேன். பூ விளிம்பு போட்ட வடிவான தாள். சமையல்காரர் கையெழுத்து வைத்தது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதிலை ஸ்பீக்கர் இல்லையே அக்கா."

முகம் சுட்டது. சரியானதைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"திவசம் முடியத் திருப்பித் தாங்கோ, என்ன? கவனம், ஊத்தையாக்கிப் போடாதையுங்கோ."

"ஓம் அக்கா."

திவசத்துக்கு மறுநாளே, படைத்த வடையோடு வந்துவிட்டாள். வீடும் வளவும் புருசனும் திரும்பி வராதவளிடமிருந்து என் தாள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. நான் முதலில் பார்த்தது அவள் முகத்தையல்ல, தாளில் விழுந்திருந்த மடிப்பை.

"ஐயோ, மடிச்சுப் போட்டியளே!"

"பின்னை என்ன செய்யிறது அக்கா? அந்த விருந்தினர் இன்னும் உயிரோடை இருக்கிறாரெல்லோ. அவரின்ர முகத்துக்கு விளக்குக் கொளுத்தினால் சரியே? அதுதான் அவரைப் பின்னாலை மடிச்சு, எங்கட ஆளை முன்னாலை வைச்சனான்."

மடிப்பு ஸ்பீக்கரின் நடுவால் போயிருந்தது. கையெழுத்தின் மேல் சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. கையிலிருந்த வடையை வைத்துவிட்டுத் தாளை அவளிடமே நீட்டினேன்.

"இது உங்கடதான், பிள்ளை. கொண்டு போங்கோ."

"கொட்டில் ஒழுகுது. அவர் நனைஞ்சு போவார். உங்கட அலுமாரியிலையே இருக்கட்டும்."

இப்போது அவள் சம்பூருக்குத் திரும்பிவிட்டாள். கல்வீடு, ஒழுகாத கூரை, அலுமாரியும் உண்டு. என்றாலும் வருசா வருசம் திவசத்துக்கு முன் வந்து வாங்கிப் போகிறாள். மறுநாள் வடையோடு கொண்டுவந்து தருகிறாள். போன முறையும் கெஞ்சிப் பார்த்தேன்.

"இனி நீங்களே வைச்சிருங்கோவன் பிள்ளை."

"ஏலாது அக்கா. திருப்பித் தாங்கோ எண்டு சொன்னனீங்களெல்லோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஊரையே சீண்டித் திரிந்த நான், இரண்டு கையாலும் தாளை வாங்கிச் சேலைகளுக்கு அடியில் வைத்தேன், கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி, அவள் மடித்தபடியே.