மண்ணெண்ணெயில் ஊறிய பிரேக் பம்ப்

எங்கள் வேனில் கோளாறு இருப்பதாக அதைச் செய்தவர்களே அறிவித்தபோது நான் பெருமைப்பட்டேன். பிரேக்கின் மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சரியில்லையாம். கொழும்பிலுள்ள கம்பனிக்குக் கொண்டுபோனால் காசில்லாமல் புதுப் பம்ப் மாற்றித் தருவார்களாம். அலுவிகாரையில் இருக்கிற என் உயிரைப் பற்றி ஜப்பானில் யாரோ கவலைப்படுகிறான் என்று சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தேன். வேனை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. அவனே கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தான்.

சில வாரங்கள்தான். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும்போது, நாலந்தைப் பக்கத்து இறக்கத்தில் அந்தப் புதுப் பம்ப் கைவிட்டது. மிதித்த பிரேக் அப்படியே தரைக்குப் போயிற்றாம். மண்மேட்டில் முட்டி நிற்பதற்கு முன், பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒருவரை வேன் அடித்துவிட்டது. அவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டியிருந்த அந்தப் பாதையால் போக எனக்குத் துணிவு வரவில்லை.

மச்சினனை ரிமாண்டில் போட்டார்கள். யுத்தம் முற்றியிருந்த காலம் அது. தமிழ் இளைஞன் எதற்காக உள்ளே போனாலும், வேறு எதையாவது விசாரிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். மரக்கறிக்கு அடியில் வேறு என்ன ஏற்றுவாய் என்று அவனிடம் அதற்குள் கேட்டிருந்தார்கள்.

பிரேக் வேலை செய்யவில்லை என்று வாகனப் பரிசோதகர் எழுதியிருந்தார். ஏன் என்று எழுதவில்லை. பழுதென்று தெரிந்துகொண்டே ஓட்டியிருக்கிறான் என்றது பொலிஸ். புதுப் பம்பில்தான் பிழை என்று கம்பனி எழுதிக் கொடுத்தால் அவனை மீட்டுவிடலாம் என்றார் எங்கள் வக்கீல். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால், பம்பைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். வேனைப் பொலிஸ் விட்டதும், கராஜில் அதைக் கழற்றி ஒரு பையில் போட்டுத் தந்தார்கள்.

வீட்டில் பையைத் திறந்து பார்த்தால், அது பம்ப் மாதிரி இல்லை, குண்டு மாதிரி இருந்தது. கறுத்த, எண்ணெய் வடிகிற இரும்புக் குழல். பக்கத்தில் துளைகள். மேலே தொங்கும் வயர். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இதத் தூக்கிக்கிட்டு பஸ்ல போனீங்கன்னா, தம்பிக்குப் பக்கத்துலயே ஒங்களுக்கும் ஒரு பாய் போட்டுருவாங்க.”

பளபளவென்று இருந்தால் வீட்டுச் சாமான் மாதிரித் தெரியும் என்பது எங்கள் இருவரின் கூட்டு மூளையில் உதித்தது. எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு எதுவானாலும், சைக்கிள் செயினோ அடுப்போ, மருந்து மண்ணெண்ணெய்தான். அதைப் பேசினில் ஊற்றிப் பம்பை விடிய விடிய ஊறவைத்து, காலையில் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தோம். வயரையும் வெட்டி எறிந்தேன். சாமி படத்தடியிலிருந்து திருநீறு எடுத்துப் பம்புக்குப் பூசினேன். பிறகு, நான் தமிழன் என்பது தெரிந்துவிடுமே என்று பயந்து துடைத்தேன். அடையாள அட்டையில் என்னவோ வேறு பெயர் இருப்பது போல.

கொழும்புக்குப் பஸ்ஸில் போகும் வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆமிக்காரன் பையைத் திறந்து முகர்ந்தான். பளபளக்கும் இரும்புக் குழல், அதில் மண்ணெண்ணெய் மணம். பிறந்ததிலிருந்து பேசிய சிங்களத்தில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. “பிரேக், பிரேக்” என்று வலது காலால் தரையை மிதித்து மிதித்துக் காட்டினேன். வரிசையே என் நடனத்தைப் பார்த்தது. அவன் பம்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு திருப்பித் தந்தான்.

கம்பனியில் டை கட்டிய இளம் எஞ்சினியர் மரியாதையாக உட்கார வைத்து, இதைக் கழுவினீர்களா என்று கேட்டார்.

“சுத்தமா கழுவினோம் சேர்” என்றேன் பெருமையாக.

அவர் உள்ளேயிருந்து ரப்பரை வெளியே எடுத்தார். ஊறவைத்த கடலை போல அது உப்பியிருந்தது. மண்ணெண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் இப்படித்தான் ஆகும், முன்பு எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். முதலில் மனிதர் செத்தார், பிறகுதான் கழுவினோம் என்றேன். இருக்கலாம், ஆனால் நிரூபிக்க முடியாதே என்றார். நீங்கள் மாற்றித் தந்ததுதானே என்றேன். பிழையென்று சொன்னது பழைய பம்பைத்தான், புதியதைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை என்றார்.

“நான்தான் சேர் அந்த முறைப்பாடு.”

அவர் சிரித்தார். தேநீர் வரவழைத்தார். ஒரு வரி எழுதித் தரவில்லை.

ரிமாண்டில் மச்சினனைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். குற்றத்தை ஒத்துக்கொண்டால் லைசென்ஸ் போகும், அபராதத்தோடு வெளியே வரலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் இன்னொரு முறை கம்பனிக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னேன்.

“விடுங்கத்தான். நாளுக்கு ஒரு ஆள் வந்து புதுசு புதுசா பேர் சொல்லித் தெரியுமான்னு கேக்குறாங்க. அதுல ஒரு பேர் எனக்குத் தெரிஞ்ச பேரா இருந்துட்டா என்னா செய்றது? ஒத்துக்கிறேன்.”

நீதிமன்றத்தில் அவன் குற்றவாளி என்று சொன்னபோது, இறந்தவருடைய மனைவி பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அதுவரை குனிந்திருந்தவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

அபராதத்தைக் கட்டி, இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். அவன் மெதுவாகக் கேட்டான்.

“நான் பிரேக்கே அடிக்கலன்னுதானே அந்தம்மா இனிமே நெனைப்பாங்க, அத்தான்?”

அலுவிகாரை வரப்போகுது, எழும்பு என்றேன். வர இன்னும் நிறையத் தூரம் இருந்தது.