படத்துச் சத்தம்

அம்மாக்கண்ணு அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். எத்தனை தடவை என்றால் அவளுக்கே கணக்குத் தெரியாது. கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் நடுவிலே ஒரு சின்ன பஸார். அங்கே பொலிஸ் நிலையத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. ஊர்ப்பெயர் எதற்கு, நமக்கும் வீண் வம்பு. அந்த நிலையத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு டிவி உண்டு. அதன் பின்பக்கம் ஒரு பென் டிரைவ் வருஷக்கணக்காகச் செருகியபடியே கிடக்கிறது. அதில் இருப்பது ஒரே ஒரு படம்.

கதையை அவள் காதாலேயே சேர்த்து வைத்திருந்தாள். ஏதோ ஒரு பெரிய நகரம். தெருவுக்குத் தெரு ரவுடி, ரவுடிக்கு ரவுடி ஒரு பொலிஸ்காரன். கறுப்புக் கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவன் எல்லாரிடமும் வாங்குகிறான், எல்லாரையும் போட்டு அடிக்கிறான், கடைசியில் பார்த்தால் அவன்தான் கதாநாயகன். அடிவாங்குகிறவனுக்குப் படத்தில் பெயர்கூடக் கிடையாது. நம்ம சார்ஜன்ட் சேனாதீரவுக்கு அந்தப் படம் உயிர். அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டார். மலைநாட்டு மூடுபனியில் கறுப்புக் கண்ணாடி, கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாக்கண்ணு பதினாறு வயதில் கூடையைத் தூக்கியவள். இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தாள். பிறகு முழங்கால் மலை ஏற மாட்டேன் என்றுவிட்டது. புருஷன் மூக்கன் ஃபெக்டரித் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தான். மருந்து இல்லாமல் அவனுக்கு மூச்சு இல்லை. அந்த நேரத்தில் தொழிற்சங்கத்துத் தலைவர் யாரையோ பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓட வேண்டாம், மழையில் ஊற வேண்டாம், அட்டைக்கடி இல்லை. லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது.

பொறாமைப்பட்டவர்களுக்கு ஒன்று தெரியாது. பகலில் திடீரென்று அந்த டிவியின் சத்தம் ஏறினால், பின்னாலுள்ள அறையில் எவனோ இருக்கிறான் என்று அர்த்தம். சேர்ந்த முதல் மாதமே அவளுக்கு அது விளங்கிவிட்டது. சத்தம் ஏறியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய்விடுவாள். வேறென்ன செய்வாள்? பொலிஸில் போய்ச் சொல்வதா?

அப்படியே எட்டு வருஷம் ஓடியது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே கொண்டுபோனது துஷாந்தை. அவள் லயத்திலேயே மூன்றாம் காம்பரா வீட்டு வேலாயியின் மகன், பஸாரில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன். ஃபோன் கடை ஒன்றை யாரோ உடைத்திருந்தார்கள். உடைத்தவன் யாரென்று பஸாருக்கே தெரியும். அவன் வீட்டிலிருந்து சார்ஜன்ட் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் ஒன்று போனதும் தெரியும். ஆனால் கேஸுக்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா, தோட்டத்துப் பையன் கையில் கிடைத்தான். காலை பத்து மணிக்குத் தொடங்கிய படம் முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. இரண்டு நாள் கழித்து அவனை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள். இடது கை இன்றுவரை தோளுக்கு மேலே எழும்பவில்லை. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? வேலாயி யார் யார் காலையோ பிடித்து மனித உரிமை அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டாள்.

அடுத்த வாரம் சார்ஜன்ட் ஒரு தாளை நீட்டினார்.

"அக்கா, இங்க ஒரு சைன் போடு."

"என்னாங்க மாத்தயா இது?"

"புது வாளி, கூட்டுற தும்புத்தடி எல்லாம் வந்திச்சிதானே. அதுக்கு."

போட்டுக் கொடுத்தாள். நம்ம சனத்தின் கை அப்படிப் பழகிய கை. பிள்ளை பிறந்த பதிவிலிருந்து சேமலாப நிதி வரைக்கும் எல்லாத் தாளும் சிங்களத்தில் வரும், யாராவது ஒரு விரலை வைத்து இடம் காட்டுவார்கள், அந்த இடத்தில் பெயரை எழுதிவிட்டு வருவோம். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டால் அது மரியாதைக் குறைவு என்று நமக்கு நாமே ஒரு சட்டம் வேறு. அந்தத் தாளில் இருந்தது வாளியும் இல்லை, தும்புத்தடியும் இல்லை. அன்றைக்கு நிலையத்தில் யாரையும் அடிக்கவில்லை, வெளியே கேட்டதெல்லாம் டிவியில் ஓடிய படத்தின் சத்தம், இதை நான் கண்ணால் கண்டேன், இப்படிக்கு அம்மாக்கண்ணு.

இரண்டு மாதம் கழித்து, நுவரெலியாவில் விசாரணை என்று கடிதம் வந்த பிறகுதான் சார்ஜன்ட் அந்தத் தாளைப் பற்றி அவளிடம் சொன்னார். "நீதான் எங்க சாட்சி. நாளைக்கு ஜீப்பில் வா. கேட்டா ஓம் சொல்லு. வேற ஒண்ணும் பேச வேணாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்று சாயந்திரம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வேலாயி குடத்தோடு நின்றாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்துத்தான் அம்மாக்கண்ணு போனாள். அதுதான் இல்லை.

"அக்கா, நாளைக்கு நீங்க போறீங்களாம்."

"ஆமா வேலாயி."

"நா ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒங்களுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு." அவ்வளவுதான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

மூக்கன் படுத்தபடியே சொன்னான். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு புள்ள. நீ இல்லாட்டியும் அவனுங்க வேற ஆள புடிப்பானுங்க. வேல போச்சுன்னா நம்மள யாரு பாக்குறது?" சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினான். அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவளுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஆமா என்றுவிட்டு வந்து படுத்தால் போதும் என்றுதான் இருந்தது.

காலையில் அதே யோசனையோடுதான் ஜீப்பில் ஏறினாள். விசாரணை அறையில் விசாரிக்கிறவராக ஒரு சிங்கள அம்மையார் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஜெயரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பக்கம் சார்ஜன்ட், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மறுபக்கம் வேலாயியும் துஷாந்தும். பையன் இடது கையை மடியில் ஒரு பொட்டலம் போல வைத்துக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெயரத்தினம் அந்தத் தாளை வரிவரியாகத் தமிழில் வாசித்தார். தன் பெயரில் இருந்த பொய்யை அவள் முழுதாகக் கேட்டது அப்போதுதான்.

"அம்மா, இது நீங்கள் குடுத்த வாக்குமூலந்தானே? அண்டைக்குக் கேட்டது படத்தின்ர சத்தந்தானோ? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

ஆமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. மேசையில் அவளுக்கென்று ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"அந்தப் படம் எனக்கு மனப்பாடமுங்க ஐயா," என்றாள். "சுடுவாங்க. சிரிப்பாங்க. அடிபடுறவன் கத்துவான், செத்துருவான். தண்ணி மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க."

ஜெயரத்தினம் அதைச் சிங்களத்தில் சொன்னார். அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் புள்ள கேட்டிச்சி. என் நடைய வச்சே நாந்தான்னு கண்டுக்கிட்டு, பெரியம்மா தண்ணின்னு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிச்சி. கையில வாளி நெறையத் தண்ணி வச்சிருந்தேங்க ஐயா. நா குடுக்கல."