நெய் குடித்த கரி

தொண்ணூறுகளின் கடைசி அது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மூட்டையில் வரும் வேர்க்கடலைத் தோலை அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கரியாக்குவதுதான் என் ஆராய்ச்சி. அந்தக் கரியெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு கடலைக்கொல்லை அளவு பரப்பு மடங்கிக் கிடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னால், "கதை விடாதடி" என்பாள்.

கதையில்லை என்று காட்டத்தான் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பரப்பை அளக்கும் கருவி அங்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தது. மூன்று மாதம் காத்திருந்து ஒரு நாள் கிடைத்தது. அதை விட்டால் ஆய்வேடு கொடுக்க வேண்டிய கெடுவும் போய்விடும். அமிலம் போகும்வரை நாற்பது தடவை கழுவிய கரியை, பஸ்ஸில் கண்ணாடிக் குப்பி உடைந்துவிடுமோ என்று தாளில் பொட்டலமாக மடித்தேன். ஈரம் படாத இடமென்று சாமி மாடத்தில் வைத்தேன். பொட்டலத்தின் மேல் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. என் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

கார்த்திகை தீபம் முடிந்து, மலை உச்சிக் கொப்பரையின் மையைப் பிரசாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. எதிர்வீட்டு அக்கா எங்களுக்கும் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். சென்னைக்குக் கிளம்பும் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, அம்மா கிண்ணத்தில் எதையோ குழைத்துக்கொண்டிருந்தாள்.

"வா, நெத்தியில வெச்சிக்கினு போ. அக்கா மாடத்துல மை வெச்சிட்டுப் போயிருக்காங்க பாரு. எவ்ளோ நெய் ஊத்தினாலும் குடிக்குது!"

குடிக்காமல் என்ன செய்யும்? அதற்காகத்தானே அத்தனை துளைகளைப் போட்டிருந்தேன்.

"எல்லாம் போச்சு! உன்னாலதான்!" என்று கத்தினேன். படிக்காதவளுக்கு என்ன தெரியும் என்றும் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்கு இன்றும் கூசுகிறேன்.

பேராசிரியர் திட்டிக்கொண்டே கெடுவை நீட்டி வாங்கிக் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை தோலை மண்ணில்லாமல் கழுவிக் காயவைத்தது அம்மாதான். சென்னையில் அளந்தபோது, நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்தது.

வாய்மொழித் தேர்வன்று வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா ஒரு சின்ன டப்பியோடு வந்தாள். உள்ளே அந்தப் பழைய நெய்க்கரி.

"தூக்கிப் போட மனசு வரல. நீ நாப்பது தடவ கழுவினதாச்சே."

நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.